தொட்டில் ஷெட்டுக்கு நான் எழுதிய ரிப்போர்ட்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் பொறியாளர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி அலுவலகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவளிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். "நீங்க காப்பாத்தின கட்டடங்களப் பத்தி எழுதுங்க மேடம்" என்றார் போனில் பேசியவர். சரியென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்தும் காப்பாற்றியது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இடித்த ஒன்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே அதையே எழுதுகிறேன். வேண்டாமென்றால் போடாமல் விட்டுவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கோயமுத்தூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மில் புகைபோக்கி கண்ணில் படும். சங்கு ஊதுவதை வைத்து வீட்டுக் கடிகாரத்தைத் திருத்துவார்கள். இன்றைக்கு அந்த இடங்களில் அடுக்குமாடிகள், கார் ஷோரூம்கள், கல்யாண மண்டபங்கள். மில்லை இடித்து மண்ணோடு மண்ணாக்கி இருபது வருடமான பின்பும் டவுன் பஸ் கண்டக்டர் மில் பெயரைச் சொல்லித்தான் நிறுத்துகிறார். இறங்கிப் போகிறவர்கள் அது என்ன மில், எங்கே இருந்தது என்று கேட்பதில்லை. அவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. இந்த ஊரைக் கழற்றிப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

சுண்ணாம்புக் காரையை எப்படிக் குழைப்பது, மங்களூர் ஓடுகளை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். அதில் எனக்கு மேலதிகமாகச் சொல்ல எதுவுமில்லை. நம் பிரிவில் எந்தப் பயிற்சியிலும் சொல்லிக் கொடுக்காத ஒரு வழக்கம் உண்டு. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் என் முதல் மேலதிகாரி. பெயர் வேண்டாம், இதைப் படித்தால் சங்கடப்படுவார். நான் சேர்ந்த முதல் வருடம் ஒரு பழைய கருங்கல் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். சுவரில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதினேன்: சிறு விரிசல், தொடர்ந்து கண்காணித்தால் போதும். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனம்மணி, இதப் படிச்சா மேல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க? கண்காணிப்பாங்க. நீயும் அஞ்சு வருசம் கண்காணி. செவுரு உழுந்த பொறவு அதையும் கண்காணிக்கலாம்."

அப்புறம் அவரே பேனாவை எடுத்து எழுதினார். 'கட்டடம் மிகவும் சிதிலமடைந்து உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ளது. உடனடி நடவடிக்கை தேவை.' மூன்று மாதத்தில் பழுதுபார்க்க உத்தரவு வந்தது. விரிசலை அடைத்து, ஒழுகிய கூரையையும் சேர்த்துச் சரிசெய்தோம். அந்தக் கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது.

அந்த இரண்டு வரி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஓடு நகர்ந்திருந்தாலும் அதே வரி, கதவு இற்றிருந்தாலும் அதே வரி. மேலே இருந்தவர்களும் விவரம் தெரிந்தவர்கள்தான். நாங்கள் ஏற்றி எழுதுவோம், அவர்கள் இறக்கிப் படிப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்று எழுதியிருந்தால் மழைக்கு முன்னால் கவனிக்க வேண்டும் என்று அவர்களுக்கு அர்த்தம். இப்படியே எங்கள் பிழைப்பு பல வருடம் ஓடியது. பொய் எழுதுகிறோம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை, எனக்கும்தான்.

இனி தொட்டில் ஷெட்டுக்கு வருகிறேன்.

ஊருக்குள் கணபதி என்ற பகுதிக்கு அப்பால் ஒரு பழைய நூற்பாலை இருந்தது. மூடி வெகுகாலம் ஆகி, இடம் அரசாங்கத்தின் வசம் வந்துவிட்டது. இயந்திரங்கள் போய், ஷெட்டுகள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் மூலையில் ஒரே ஒரு கட்டடம் மிச்சம். மில்லில் வேலை செய்த பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவதற்காகக் கட்டிய நீளமான கூடம் அது. தடித்த செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, அதைத் தாங்கும் எட்டுத் தேக்கு உத்திரங்கள். உத்திரங்களில் வரிசையாக இரும்புக் கொக்கிகள், தொட்டில் கட்டுவதற்கு. மில்காரர்கள் அதைத் தொட்டில் ஷெட் என்றே சொல்வார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஊரின் முக்கிய இடங்கள் என்று படம் போடுகிறவர்கள் யாரும் அதைப் படம் பிடித்ததில்லை.

ஆனால் அது கட்டப்பட்ட காரியத்தை இன்னமும் செய்துகொண்டிருந்தது. மில் காலத்தில் அங்கே ஆயாவாக இருந்த மயிலாத்தா அக்கா, மில் மூடிய பிறகும் அங்கே வருவதை நிறுத்தவில்லை. சுற்றுவட்டாரத்தில் பட்டறைகளும் இரும்பு வார்ப்பட ஆலைகளும் பெருகின. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பத்தோடு வந்தவர்கள் குழந்தைகளை எங்கே விடுவதென்று தெரியாமல் தவித்தார்கள். அவர்களுடைய குழந்தைகளை அக்கா பார்த்துக்கொண்டார். நான் பார்த்தபோது முப்பது குழந்தைகளுக்குக் குறையாது. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. தாய்மார்கள் ஏதோ சொல்வார்கள், அக்கா ஏதோ சொல்வார், இரண்டு பேரும் தலையாட்டுவார்கள், பிள்ளை கைமாறும். குழந்தைகள் எல்லாம் அவரை ஆத்தா என்றுதான் கூப்பிட்டன.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த சமயம். ஆடிக் காற்று முடிந்த கையோடு அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மேற்குப் பக்கத்து ஓடுகள் காற்றில் நகர்ந்து சாரல் உள்ளே இறங்குகிறது, குழந்தைகளைக் கிழக்குச் சுவரோரம் ஒதுக்கிப் படுக்க வைக்க வேண்டியிருக்கிறது, ஐப்பசி மழைக்குள் சரி செய்து கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

மறுநாளே ஒரு தச்சு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போனேன். அரைமணி நேரம் பார்த்தேன். ஓடுகளைத் திரும்ப அடுக்க வேண்டும், இற்றுப்போன சில மரச் சட்டங்களை மாற்ற வேண்டும், மேற்குச் சுவரில் தண்ணீர் இறங்காமல் ஒரு தகரம் அடிக்க வேண்டும். பத்து நாள் வேலை. அண்ணாந்து பார்த்தபோது உத்திரங்களின் முனைகள், சுவருக்குள் நுழையும் இடத்தில், ஈரத்தில் கறுத்திருந்தன. பழைய கட்டடத்தில் நம்மைக் கவிழ்ப்பது அந்த முனைகள்தான். நடுவில் இரும்பாக இருக்கும் மரம் சுவருக்குள் மாவாகியிருக்கும். அதைத் தெரிந்துகொள்ளச் சாரம் கட்டி மேலே ஏறி, இரண்டு செங்கல்லை உருவிவிட்டு, தட்டியும் குத்தியும் பார்க்க வேண்டும். மேஸ்திரியும் அதைத்தான் கேட்டார்.

"மேடம், சாரம் கட்டி முனையத் தட்டிப் பாத்துப்போடலாமுங்களா? ரெண்டு நாள்ல முடிஞ்சு போயிருமுங்க."

வேண்டாம் என்றேன். "எப்புடி இருந்தாலும் ஆபத்துன்னுதான் எழுதப் போறோம், அப்புறம் எதுக்கு" என்றேன்.

இந்த வாக்கியத்தை நீங்கள் குறித்துவைத்துக் கொள்ளுங்கள். என் பணிக்காலம் முழுவதையும் ஒரு தட்டில் வைத்தால் இது ஒன்றே மற்றொரு தட்டைக் கீழே இழுத்துவிடும். சோம்பேறித்தனத்தில் சொன்னதல்ல. சீக்கிரம் வேலை ஆகட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அன்று சாயங்காலமே அந்த இரண்டு வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஐப்பசிக்குள் ஓடு மாற்றிவிடலாம் அக்கா என்று போனில் சொல்லவும் சொன்னேன்.

என் ரிப்போர்ட் மேலே போன அதே வாரத்தில் வேறொரு ஊரில் ஒரு பழைய கட்டடத்தின் முன்பகுதி இடிந்து விழுந்து சில பேருக்கு அடிபட்டது. டிவியில் இரண்டு நாள் அதுதான் ஓடியது. ஆபத்தான கட்டடங்கள் என்று ஏற்கெனவே ரிப்போர்ட் இருந்தும் நடவடிக்கை எடுக்காதவர்கள் யார் யார் என்று கேள்வி வந்தது. எங்களுக்கும் அப்போதுதான் புதிய மேலதிகாரி வந்திருந்தார். நல்லவர், வேலையில் சுத்தம், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். எங்கள் ஏற்றியெழுதும் வழக்கம் அவருக்குத் தெரியாது. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படிக்கிறவர் அவர். அதைத் தப்பென்று எப்படிச் சொல்வது. உயிருக்கு ஆபத்து என்று குறித்திருந்த ஃபைல்களை எல்லாம் எடுத்து வைத்தார். குழந்தைகள் இருக்கும் கட்டடம் என்பதால் தொட்டில் ஷெட் முதலில் வந்தது. ஒரு வாரத்தில் காலி செய்து இடித்துவிட வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

இடிப்பு என்ற சொல்லையே நான் எழுதவில்லை. அவரைப் பார்க்க நேரம் வாங்கினேன். விஷயம் தெரிந்து மயிலாத்தா அக்காவும் இரண்டு தாய்மாரோடு வந்துவிட்டார். ஒருத்தி இடுப்பில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன்.

ஓடு மாற்றினால் போதும் சார், இடிக்க வேண்டியதில்லை என்றேன். அவர் என் ரிப்போர்ட்டை மேசை மேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். இது உங்கள் கையெழுத்துத்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதில் ஆபத்து என்று இருக்கிறதே என்றார். பழுது பார்க்க உத்தரவு கிடைக்க அப்படி எழுதுவது வழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் முப்பது வருடத்து ரிப்போர்ட்டுகளும் சந்தேகத்துக்கு ஆளாகும், கூட இருந்தவர்களையும் இழுத்துவிட்டதாகும், எனக்குக் கடைசி இரண்டு வருடம். வாயை மூடிக்கொண்டேன். அவர் ரிப்போர்ட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"சரி மேடம், ரிப்போர்ட்ட விடுங்க. உங்க அனுபவத்துக்கு மதிப்புக் குடுத்துக் கேக்கறேன். நாளைக்குக் காலைல அந்தக் கூரைக்கு அடியில உங்க வீட்டுக் கொழந்தையப் படுக்க வெப்பீங்களா? வெப்பேன்னு சொல்லுங்க, உத்தரவ இப்பவே நிறுத்தறேன்."

இதைவிட நேர்மையாக ஒரு மனிதர் கேட்க முடியாது. என் கண்ணுக்குள் அந்தக் கறுத்த முனைகள்தான் நின்றன. உள்ளே மரம் நன்றாக இருக்கிறதா, மாவாகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இரண்டு நாள் போதும் என்று மேஸ்திரி சொன்னதை நான்தான் வேண்டாமென்றேன். வைப்பேன் என்று சொல்ல மனசு வரவில்லை, அது சரிதான். வைக்க மாட்டேன் என்பதும் உண்மையில்லை. உண்மையான பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: நான் பார்க்காமல் எழுதிவிட்டேன் சார், இரண்டு நாள் கொடுங்கள், ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அவர் கொடுத்திருப்பார். இன்றுவரை அதில் எனக்குச் சந்தேகமில்லை. திட்டியிருக்கலாம், விளக்கம் கேட்டு ஒரு காகிதம் அனுப்பியிருக்கலாம், ஆனால் இரண்டு நாள் கொடுத்திருப்பார்.

"ரிப்போர்ட்ல இருக்கறதுதானுங்க சார்" என்றேன்.

வெளியே வந்தேன். அக்கா எழுந்து நின்றார். தாய்மார்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அக்கா, "நெசமாலுமே உழுந்துருமுங்களா அம்மணி?" என்று கேட்டார். அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. உள்ளே ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு பேச எனக்குத் தைரியம் இல்லை.

"ஆபத்துத்தான் அக்கா" என்றேன்.

அவர் வாதாடவில்லை. எங்கே போவது என்று கேட்கவில்லை. அந்தத் தூங்குகிற குழந்தையின் காலைத் தொட்டார். பிறகு, "இத்தன நாளா இதுகள அதுக்குள்ள வெச்சிருந்தனே" என்றார், என்னிடமா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. நாலு நாளில் கூடம் காலியானது.

இடிப்பதை மேற்பார்வை பார்க்க என்னையே போட்டார்கள். ஒரு நாளில் முடியும் என்று ஒப்பந்தக்காரர் ஒரே ஒரு ஜேசிபியோடு வந்தார். அன்று பொழுது சாய்கிற வரைக்கும் ஒரு பக்கச் சுவர்கூட முழுதாக விழவில்லை. மறுநாள் இன்னொரு வண்டி வந்தது. மூன்றாம் நாள்தான் உத்திரங்களைக் கீழே இறக்கினார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் கோடாலியைத் திருப்பிப் பிடித்து ஒரு உத்திரத்தின் முனையில் தட்டினார். கணீரென்று சத்தம் கேட்டது. அடுத்ததைத் தட்டினார். அதுவும் அப்படியே.

"இதப் போயி எதுக்குங்க மேடம் இடிக்கச் சொன்னாங்க?" என்று கேட்டார். "அந்தக் காலத்து மரமுங்க. இன்னும் நூறு வருசத்துக்கு அசையாதுங்க."

கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்குரூ டிரைவர் வைத்திருப்பேன், மரத்தைக் குத்திப் பார்க்க. எட்டு உத்திரம், பதினாறு முனை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குத்திப் பார்த்தேன். ஒன்றில்கூட நகக்கண் அளவுக்கு உள்ளே போகவில்லை. கறுப்பு வெறும் நீர்க்கறை. மேலே சுரண்டினால் உள்ளே புது மரத்தின் நிறம். பதினாறையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலையை அன்று செய்யாமல், இடித்த பிறகு மண்ணில் உட்கார்ந்து செய்தேன். சாயங்காலம் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வாரமே என் பழைய மேலதிகாரிக்குப் போன் செய்தேன். ஆறுதலாக எதையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் கற்றுக் கொடுத்த வழக்கம்தானே, பழியில் பாதியாவது அவர் வாங்கிக்கொள்ளட்டும் என்றுகூட உள்ளுக்குள் ஓரமாக இருந்தது. முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, முனையைப் பார்த்தாயா என்பதுதான். இல்லைங்க சார் என்றேன். அதற்கு அவர் சொன்னது இது.

"நான் ஏத்தி எழுதுனது அத்தனையும் கையால தொட்டுப் பாத்துப்போட்டுத்தான் எழுதுனேன் அம்மணி. எது நெசம்னு என்னோட நோட்டுல தனியா இருக்கும். எவனாவது இடிக்கறேன்னு வந்திருந்தா அதத் தூக்கி மேசமேல போட்டிருப்பேன். நீ அந்த நோட்டப் பாத்ததில்லியா?"

பார்த்திருக்கிறேன். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். ஏதோ வீட்டுக் கணக்கு எழுதுகிறார் என்று நினைத்திருந்தேன். அவர் செய்ததில் எனக்குச் சௌகரியமான பாதியை மட்டும் கற்றுக்கொண்டு, முப்பது வருடம் அதை அனுபவம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவர் போனை வைத்துவிட்டார்.

உங்களில் சிலர் இந்த இடத்தில், அப்படியானால் நாங்கள் உண்மையையே எழுதிவிடுகிறோம் என்று நினைப்பீர்கள். எழுதிப் பாருங்கள். சிறு விரிசல், கண்காணித்தால் போதும் என்று எழுதுங்கள். அந்தக் கட்டடம் உங்கள் கண் முன்னால் வருடா வருடம் கரைவதைக் கண்காணியுங்கள். இதற்கு நல்ல வழி ஒன்று இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எழுதுவது எதுவானாலும், முதலில் ஏறிப் பாருங்கள். என்ன எழுதப் போகிறோம் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டால் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. பிறகு ஒருநாள் யாராவது எதிரே உட்கார்ந்து நேர்மையாகக் கேட்பார்கள், உங்களிடம் பதில் இருக்காது. இதைக்கூட ஒரு பாடம் என்று சொல்ல எனக்குக் கூசுகிறது. இதைக் கற்றுக்கொண்டு நான் யாருக்கும் எந்த உபயோகமும் ஆகவில்லை.

அந்த இடத்தில் இப்போது கம்பி வேலி போட்டிருக்கிறது. உள்ளே சீமைக் கருவேலம் ஆளுயரம். புதிதாக எதையும் கட்டவில்லை. அவசரமாக இடித்ததற்கு அதுவாவது காரணமாக இருந்திருந்தால் கோபப்படவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும். குழந்தைகளில் சிலரைத் தாய்மார்கள் பட்டறைக்கே கூட்டிக்கொண்டு போகிறார்கள். சில பெண்கள் வேலையை விட்டுவிட்டார்கள். இரண்டு குடும்பம் ஊருக்கே திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஓய்வு பெற்றபின் நான் செய்த முதல் காரியம், கணபதியில் பம்பு பட்டறை வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்து, பட்டறைக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒரு கூடத்தைக் கேட்டு வாங்கியது. அவருக்கும் வேலைக்குப் பெண்கள் வேண்டியிருந்தது, உடனே ஒப்புக்கொண்டார். அந்தக் கூடத்தை மூன்று நாள் பார்த்தேன். ஏணி போட்டு ஒவ்வொரு மூலையையும் தொட்டுப் பார்த்தேன். எந்தப் பயமும் இல்லாமல் எந்தக் குழந்தையையும் படுக்க வைக்கலாம் என்று தெரிந்த பிறகே மயிலாத்தா அக்காவைத் தேடிப் போனேன். அவர் இருந்தது துடியலூரில், என் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். மகன் வீட்டில் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் சொல்லாம இருந்திருந்தா கொழந்தைக மேல உழுந்திருக்குமுங்க அம்மணி" என்றார். "உங்களக் கும்புடாத நாளில்லீங்க."

நான் புதிய கூடத்தைப் பற்றிச் சொன்னேன். சாவியையே கொண்டு போயிருந்தேன். அதை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"நாப்பது வருசம் அதுக்குள்ள பொழங்கியிருக்கறேன். உழுகப் போறது எனக்குத் தெரியலியே. மேல பாத்ததே இல்லீங்க நானு, கொழந்தைகளத்தான் பாத்துட்டிருந்தேன். இப்படிப்பட்டவள நம்பி யாராவது புள்ளைய உடுவாங்களா. வேண்டாமுங்க. வேற ஆளப் பாருங்க."

அந்தக் கட்டடம் நன்றாக இருந்தது அக்கா. சொல்ல வேண்டியது இவ்வளவுதான், ஒரு மூச்சில் முடிந்துவிடும். உத்திரங்களின் பதினாறு முனையும் நன்றாக இருந்தது, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, நான்தான் பார்க்காமல் எழுதினேன். சொன்னால் அவர் நெஞ்சிலிருக்கும் பாரம் இறங்கும். ஆனால் அந்த முப்பது குழந்தைகளும் எதற்காகத் தெருவுக்குப் போனார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். என் கையைப் பிடித்த அந்தக் கை விலகிவிடும். பயம். வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை. காப்பி கொடுத்தார், குடித்தேன், சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பட்டறைக்காரர் இரண்டு மாதம் பார்த்துவிட்டு அந்தக் கூடத்தில் சரக்கு அடுக்கிவிட்டார்.

அதற்குப் பிறகும் மாதத்துக்கு ஒருமுறை அக்காவைப் பார்க்கப் போகிறேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேதான் போகிறேன். போன வாரமும் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். ரேஷன் கடையில் கூட்டமாக இருக்கிறது, அரைமணி நேரம் பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். குழந்தை அக்காவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

அக்காவின் கை தானாக எழுந்தது. பாதியில் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாங் கண்ணு, எனக்குப் பாக்கத் தெரியாது. வேற ஆருகிட்டயாவது உட்டுப்போட்டுப் போ" என்றார்.

அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். நான் எதிரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் நான் சொல்லவில்லை.